அரசின் குரலும் மாத்தளையின் செவியும்

கச்சேரி என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழகத்து நேயர்கள் வாய்ப்பாட்டையும் மிருதங்கத்தையும் நினைப்பார்கள். இலங்கையிலோ அச்சொல் நெடுங்காலமாக அரசாங்கக் காரியாலயத்தையே குறித்து வந்துள்ளது. ஒரு மாவட்டத்தின் வரி, காணி, நிருவாகம் ஆகிய யாவற்றுக்கும் கச்சேரியே நிலைக்களம். அத்தகைய கச்சேரி ஒன்று 1848ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் மாத்தளை நகரிலே தாக்கப்பட்டது. அங்கிருந்த வரி ஏடுகள் பல அழிக்கப்பட்டன. தாக்கியவர்களுள் பெரும்பாலோர் அயற்கிராமங்களில் வயல் உழுது வாழ்ந்த குடியானவர்கள். தம் பெயர்கள் எழுதப்பட்ட ஏடுகளையே அவர்கள் பகையாகக் கருதும் நிலை எவ்வாறு ஏற்பட்டது?

இக்காலத்து அரசாங்கங்கள் மக்களோடு தொடர்பு கொள்வதற்கெனத் தனித் திணைக்களங்களை வைத்துள்ளன. அவற்றுக்கு அழகான பெயரும், கண்ணைக் கவரும் இலச்சினையும், ஒரே சீரான எழுத்தும் நிறமும் வேண்டும் என்று அறிஞர் பலர் ஆலோசனை கூறுகின்றனர். அவை வேண்டியனவே. ஆயினும், இலச்சினையைக் கண்ட மாத்திரத்தில் மக்கள் மனத்தில் எழும் எண்ணம் யாது என்பதே முதன்மையான வினா. நம்பிக்கை எழுமா, அச்சம் எழுமா? இவ்வினாவுக்கு மாத்தளையின் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

கண்டி இராச்சியத்தில் அரசனுடைய ஆணை பறை முழக்கத்தோடு ஊருக்கு வந்தது. சிங்கள மக்கள் இதனை அணபெர என்பர். தமிழரும் இவ்வழக்கத்தை நன்கு அறிவர். மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதையே முரசறைந்து விழாவை அறிவிக்கும் காட்சியாகும். கண்டி மன்னன் ‘ஸ்ரீ’ என்ற எழுத்தைத் தன் ஒப்பமாக இட்டான். எழுத்தறியாத குடிமகனும் இன்ன ஒலி அரசனுடையது, இன்ன குறி அரசனுடையது என அறிந்திருந்தான். மேலிருந்து கீழே ஆணை வருவதற்கு மட்டுமன்றி, கீழிருந்து மேலே முறைப்பாடு செல்வதற்கும் வழி இருந்தது. பிரித்தானியர் கண்டியைக் கைப்பற்றிய பின்னர் அதன் ஆட்சிமுறையை ஆராய்ந்து எழுதிய சேர் ஜோன் டொயிலி, குறையுடைய ஒருவன் அரண்மனைக்கு அண்மையிலுள்ள மரத்தில் ஏறி நின்று தன் குறையை உரக்கக் கூவும் வழக்கத்தையும் குறிப்பிட்டுள்ளார். மன்னன் எல்லாக் குறைகளையும் தீர்த்தான் என்று கூறமுடியாது. ஆயினும் கூவுவதற்கு ஒரு மரம் இருந்தது.

பிரித்தானியர் வந்தபொழுது அவர்களும் இம்முறையை அறிந்தே தொடங்கினர். 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் தேதி கண்டி உடன்படிக்கை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பிரதானிகள் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. பௌத்த சமயம் பேணப்படும் என்ற வாக்குறுதியும் அதில் இடம்பெற்றது. ஆனால் காலப்போக்கில் அரசாங்கத்தின் குரல் மாறியது. 1833ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களுக்குப் பின் ஆட்சி ஆங்கில மொழியிலேயே நடைபெற்றது. அரசாங்க உத்தியோகத்தர் பலர் தாமே கோப்பித் தோட்டங்களை வாங்கிப் பயிரிடத் தொடங்கினர். அவர்களுக்கு மக்களின் மொழியைக் கற்க நேரமும் இல்லை, ஆர்வமும் இல்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, உறுதி காட்டமுடியாத காடுகளும் சேனை நிலங்களும் அரசாங்கத்துக்குரியனவாகக் கருதப்பட்டுத் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. பரம்பரையாகச் சேனை வெட்டிய கிராமத்தானுக்கு இச் சட்டத்தின் வாசகம் எட்டவில்லை. அதன் விளைவு மட்டும் வாசலுக்கே வந்தது.

இந்நிலையில் 1847ஆம் ஆண்டு டொரிங்டன் பிரபு தேசாதிபதியாக வந்து சேர்ந்தார். அவ்வாண்டில் கோப்பியின் விலை வீழ்ந்தது. அரசாங்கத்தின் வருமானமும் குன்றியது. தோட்டக்காரரின் துன்பத்தைத் தணிக்கக் கோப்பியின் மீதான ஏற்றுமதித் தீர்வை நீக்கப்பட்டது. குறைந்த வருமானத்தை ஈடுசெய்ய 1848இல் புதிய வரிகள் விதிக்கப்பட்டன. துப்பாக்கி ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டரைச் சிலின், நாய் ஒன்றுக்கு ஒரு சிலின், கடைக்கு ஒரு பவுண் எனக் கட்டணங்கள் நிருணயிக்கப்பட்டன. வயது வந்த ஆண்கள் ஆண்டிலே ஆறு நாட்கள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலின் கட்டவேண்டும் என்றும் சட்டமாயிற்று. 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்த அதே அரசாங்கம், பதினாறு ஆண்டுகளின் பின் அதனை வேறு பெயரில் மீண்டும் கொண்டுவருகின்றது என்றே மக்கள் எண்ணினர். பிக்குமாரும் இவ்வூழியத்திலிருந்து விலக்கப்படவில்லை என்பது எரியும் நெருப்பில் நெய் வார்த்தது.

இவ் வரிகள் எதற்காக, யார்மீது, எவ்வளவு என்பதை மக்களின் மொழியிலே காலத்தோடு எடுத்துரைப்பார் இல்லை. அதே வேளையில் கிராமங்களின் நிலைமை பற்றிய புள்ளிவிபரங்களைச் சேகரித்து அனுப்புமாறு தலைமைக்காரருக்குக் கட்டளை பிறந்தது. எதற்காகக் கணக்கெடுக்கிறார்கள் என்பது கிராமத்தாருக்குத் தெரியாது. எண்ணப்படும் பொருள் ஒவ்வொன்றுக்கும் வரி வரப்போகிறது என்ற வதந்தி ஊருக்கு ஊர் பரவிற்று. அரசாங்கம் மௌனமாய் விட்ட இடத்தை வதந்தி நிரப்பியது. கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையின் ஆசிரியர் டாக்டர் கிறிஸ்தோபர் எலியற் வரிகளைக் கண்டித்து எழுதிய கடிதம் சிங்களத்தில் பெயர்க்கப்பட்டுக் கைக்குக் கை மாறியது. அரசாங்கம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்க, அதன் எதிர்ப்பாளர் மக்களின் மொழியில் பேசினர்.

யூலை 6ஆந் தேதி ஆயிரக்கணக்கான குடியானவர் கண்டிக்குச் சென்று அரசாங்க அதிபரின் கச்சேரி முன்றிலில் திரண்டனர். பழைய காலத்து மரத்தில் ஏறிக் கூவியதற்கு ஒப்பான செயல் இது. கேட்கும் செவி இருந்திருப்பின் அன்றே அமைதி ஏற்பட்டிருத்தல் கூடும். குடியேற்ற நாட்டுக் காரியதரிசி சேர் எமர்சன் டெனன்ட் தலைமைக்காரரைக் கூட்டி வரிகளை விளக்க முயன்றார். அவ்விளக்கம் சட்டம் பிறந்த பின்னர் வந்த விளக்கம். மக்களின் மறுமொழியைக் கேட்டுச் சட்டத்தைத் திருத்தும் நோக்கம் அதில் இருக்கவில்லை.

யூலை மாத இறுதியில் தம்புள்ளை விகாரையில், கொங்காலேகொட பண்டா என்பவர் கிரானேகம தேரரின் ஆசியுடன் மன்னராக முடிசூட்டப்பட்டார். அவர் அரச குலத்தில் பிறந்தவர் அல்லர். எனினும் விகாரையும், முடியும், பழைய அரசப் பெயரும் மக்களுக்கு நன்கு பழகிய அடையாளங்கள். அரசாங்கத்தின் முத்திரை கற்பிக்கமுடியாத விசுவாசத்தை அப்பழைய அடையாளங்கள் ஒரே நாளில் எழுப்பின. மொறட்டுவையைச் சேர்ந்த வீர புரன் அப்பு முதலியோர் துணைநிற்க, கூட்டம் தம்புள்ளையிலிருந்து மாத்தளையை நோக்கி நடந்தது. கச்சேரி தாக்கப்பட்டது இதன் போதுதான். வாரியப்பொலையில் படையினரோடு நிகழ்ந்த மோதலில் அவர்கள் சிதறடிக்கப்பட்டனர்.

அதன்பின் அரசாங்கம் பேசிய மொழி துப்பாக்கியின் மொழி. யூலை 29இல் பிரகடனமான இராணுவச் சட்டம் அக்டோபர் 10 வரை நீடித்தது. புரன் அப்பு ஆகஸ்டு 8ஆந் தேதி கண்டியில் சுடப்பட்டார். அதே மாதம் 26ஆந் தேதி குடாபொல தேரர் காவியுடையுடனேயே சுட்டுக்கொல்லப்பட்டார். கொங்காலேகொட பண்டாவின் தலைக்கு 150 பவுண் வெகுமதி அறிவிக்கப்பட்டது; செப்டம்பர் 21இல் எல்கடுவைப் பகுதியில் அவர் பிடிபட்டார். மரணதண்டனை விதிக்கப்பட்டுப் பின் அது குறைக்கப்பட்டு, கசையடியின் பின் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். இவ்வளவுக்கும் அரசாங்கப் படையில் ஒருவரேனும் உயிரிழக்கவில்லை. வாய்மொழியாக வந்த பௌத்த நூல்கள் கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் ஏடுகளில் எழுதப்பட்ட இடமாகிய அலுவிகாரையின் நூற்செல்வமும் இக்கலவர காலத்தில் பெரிதும் அழிந்தது. மக்கள் அரசாங்கத்தின் ஏடுகளை அழித்தனர். மக்களின் ஏடுகளும் அழிந்தன.

இச் செயல்களைப் பற்றி இலண்டன் பாராளுமன்றம் தெரிவுக்குழு ஒன்றை அமைத்து 1849, 1850ஆம் ஆண்டுகளில் விசாரித்தது. அவ்விசாரணையில் வெளிவந்த விடயம் ஒன்று இன்றும் சிந்திக்கத்தக்கது. மாத்தளையில் படைக்குத் தலைமை தாங்கிய கப்டன் வோட்சன் என்பவரின் ஒப்பத்துடன், ஒரு தலைமைக்காரரின் பொருள்களை மறைத்து வைப்போரைக் கடுமையாக அச்சுறுத்தும் சிங்கள அறிவித்தல்கள் வெளிவந்திருந்தன. அவை தம்முடைய ஒப்பங்கள் அல்ல என்று அவர் மறுத்தார். உண்மையை அறிய இலங்கையில் ஆணைக்குழு ஒன்றே நியமிக்கவேண்டியதாயிற்று. கற்றறிந்த ஆணையாளருக்கே ஆராய்ச்சிக்குரியதாக இருந்த ஒப்பத்தை, மாத்தளையின் ஏழைக் குடியானவன் எவ்வாறு இனங்காண்பான்? உயிருக்கு அஞ்சிய அவன் அத்தாளை அரசாங்கத்தின் சொல்லாகவே கொண்டிருப்பான். அரசாங்க அறிவித்தலுக்கு ஐயத்துக்கிடமற்ற அடையாளம் ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

டொரிங்டன் பிரபு 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். வெறுக்கப்பட்ட வரிகளிற் பல கைவிடப்பட்டன அல்லது தளர்த்தப்பட்டன. வீதி ஊழியத்திலிருந்து பிக்குமார் விலக்கப்பட்டனர். கலவரத்துக்கு முன் கேட்டிருந்தால் கொடுத்திருக்கக்கூடியதை, கலவரத்துக்குப் பின் கொடுத்தார்கள்.

விளக்கம் நன்றாக இருந்திருப்பின் இவ்வரிகளை மக்கள் மகிழ்ந்து ஏற்றிருப்பர் என்று எவரும் கருதலாகாது. தோட்டக்காரனின் தீர்வையை நீக்கி ஏழையின் நாய்க்கு வரிவிதிக்கும் சட்டத்தை எந்த அழகிய சொல்லாலும் நீதியாக்க முடியாது. மக்கள் தொடர்பு என்பது அநீதிக்குப் பூசும் வண்ணமாதல் கூடாது. அநீதியை உரிய காலத்தில் ஆட்சியாளரின் காதிற் போடுவதும் அத்தொழிலின் பாதிக் கடமையாகும்.

இக்கதையில் தமிழருக்கும் பங்குண்டு. கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து, தம்புள்ளை மார்க்கமாக மாத்தளையை அடைந்தனர். அவர்களுக்கு அரசாங்கத்தின் சொல் கங்காணியின் வாய்வழியாகவும், தப்பு ஒலியில் கூடும் பிரட்டுக் களத்திலும் மட்டுமே எட்டியது. ஒரு நூற்றாண்டின் பின் வந்த 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கித்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுத் தவணை விதித்தது. விவாகமானோர் ஏழு ஆண்டும் ஆகாதோர் பத்து ஆண்டும் இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டும். இலங்கை இந்தியக் காங்கிரசு முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்தது. தவணை 1951 ஆகஸ்டில் முடிந்தபொழுது ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் வந்திருந்தன. முடிவில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேரே. இரத்தோட்டை, உக்குவளை மலைகளில் கொழுந்து பறித்த குடும்பத்துக்கு ஓர் அரசாங்கப் படிவத்தின் பொருள் தெரிவதும் தெரியாமற் போவதும் ஒரு நாட்டைப் பெறுவதும் இழப்பதுமாய் இருந்தது.

1848ஐ விட இன்று வழிகள் பல. வானொலி 1925 முதல் இந்நாட்டில் பேசி வருகிறது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதை 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் ஏற்றது. மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் வாழ்வோருள், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, தமிழரும் முஸ்லிம்களுமாக ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் உள்ளனர். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், பொது அதிகாரசபை ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும் என்றும், பதினான்கு வேலை நாட்களுள் விண்ணப்பத்தின் மீது தீர்மானம் வழங்கவேண்டும் என்றும் விதித்துள்ளது. கருத்திட்டம் ஒன்றைத் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே அதனாற் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு அமைச்சர் அதனை அறிவிக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஏற்பாடாகும்.

அம் மூன்று மாதங்கள் 1848இல் மாத்தளைக்குக் கிடைக்கவில்லை. இன்று அவை சட்டத்தில் உள்ளன. கச்சேரி வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மூன்று மொழிகளிலும் அழகாக எழுதப்படட்டும். அதனைக் கடந்து உள்ளே வரும் தோட்டத்துப் பெண் தன் தமிழிலே ஒரு வினாவைக் கேட்டு, அத்தமிழிலேயே விடை பெற்றுத் திரும்புவாளாயின், அவள் ஊருக்குப் போய்ச் சொல்லும் சொல்லே அவ்வலுவலகத்தின் நற்பெயராக நிலைக்கும்.