லயத்துக்கு வந்த பூனை

எனக்குச் சிங்களம் பழக்கினது டீச்சர் இல்ல, ஒரு பூனை.

பசறையில் எங்க மேட்டு லயம். எனக்கு ஐந்தாறு வயசு இருக்கும். எங்க காம்பராவில் டீவி இல்லாததால பெரியப்பா வீட்டு இஸ்தோப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நெருக்கிக்கிட்டு உட்காருவோம். ரூபவாஹினியில் 'பிஸ்ஸு பூசா' போகும். பைத்தியக்காரப் பூனை! பாதி விளங்காது. ஆனா, கொஞ்ச நாளில் பூனை வாய் திறக்கிறதுக்கு முன்னாலயே அது பேசப்போறதை நாங்க கத்திச் சொல்லுவோம்.

கம்பஸ் வந்த பிறகுதான் அந்தப் பூனையின் பூர்வீகம் தெரிந்தது. 1961இல் அமெரிக்காவில் 'டாப் கேட்' என்ற பெயரில் வந்த கார்ட்டூன் அது. அதைச் சிங்களம் பேச வைத்தவர் டைட்டஸ் தொட்டவத்த. 1956இல் வந்த 'ரேகாவ' படத்தின் படத்தொகுப்பாளர். 'தொஸ்தர ஹொந்தஹித', 'ஹா ஹா ஹரி ஹாவா' எல்லாம் அவர் கைவண்ணம்தான். அவர் வசனத்தை வரிக்கு வரி மொழிபெயர்க்கவில்லை. பூனையும் முயலும் சிங்களக் கிராமத்து ஆட்கள் மாதிரியே பேசின. 2011இல் அவர் காலமானார்.

இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979இல், ஐ.டி.என். மூலம். ஜப்பான் உதவியோடு ரூபவாஹினி வந்தது 1982 பெப்ரவரி 15. அதன் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் நுவரெலியாவின் பிதுருதலாகல மலையில். அலை கிளம்பினது நம்ம மலையகத்து உச்சியிலிருந்து. ஆனா மலைக்குக் கீழே பெரும்பாலான லயங்களில் அப்போ கரண்டே இல்லை. கார் பேட்டரியைத் தூக்கிக்கிட்டு டவுனுக்குப் போய் சார்ஜ் பண்ணிப் படம் பார்த்த கதையை அப்பாயி இன்னும் சொல்லும். தமிழ் ஆட்சிமொழியானது 1987இல். தமிழுக்கென்றே சக்தி டீவி வந்தது 1998இல், வசந்தம் 2009இல்.

அதுக்குள்ள லயத்துக் கூரைகளில் டிஷ் முளைச்சிருச்சு. 2007இல் சென்னையில் தொடங்கின சுட்டி டீவி எங்க லயத்துக்கும் வந்தது. தம்பி டோராவோடு வளர்ந்தான். டோரா கேள்வி கேட்டா இவன் இங்கிருந்து பதில் கத்துவான். முழுசா விளங்குற மொழியில் ஒரு கார்ட்டூன். அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைக்காதது. ஆனா அவனுக்குச் சிங்களம் வரல்ல. பத்து வயசில் பதுளைக்குக் கிளினிக் போன அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன், பூனை தந்த சிங்களத்தில். இன்றைக்கு அம்மாவோடு தம்பி போனா, ரெண்டு பேரும் யாராவது தமிழ் தெரிஞ்சவங்க வரும்வரை காத்திருக்கணும்.

எனக்குப் பக்கத்து வீட்டு மொழி கிடைச்சது. தம்பிக்குச் சென்னைத் தமிழ் கிடைச்சது. நாங்க வீட்டில் பேசுற தமிழைப் பேசின ஒரு கார்ட்டூனும் ரெண்டு பேருக்கும் கிடைக்கல்ல. கொழுந்து, பெரட்டுக்களம், இஸ்தோப்பு எல்லாம் டீவிக்கு உள்ளே போகாத சொற்கள் என்றே நினைத்து வளர்ந்தோம். இப்போ தம்பி கூட்டாளிகள் முன்னாடி 'இஸ்தோப்பு' என்று சொல்லக் கூச்சப்படுறான்.

போன லீவில் ஃபோனில் அவனுக்குப் 'பிஸ்ஸு பூசா' காட்டினேன். "என்னா சொல்லுது?" என்றான். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் சத்தத்தைக் குறைச்சிட்டு அவனே குரல் கொடுக்கத் தொடங்கினான்: "ஏய், எந்திரிங்கடா! பெரட்டுக்கு நேரமாச்சு!"

அடுப்படியில் இருந்த அப்பாயி சிரிச்ச சிரிப்பு பணிய லயம் வரைக்கும் கேட்டிருக்கும்.