அஸ்கோவ் காற்றாலையும் கறுப்புக் கிறீசும்

புத்தாண்டு மலர் என்றால் வழக்கமாக எங்கட ஊர்ச் சரித்திரம்தான் எழுதுவோம். இம்முறை நாங்கள் வந்து சேர்ந்த டென்மார்க்கின் சரித்திரத்திலும் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கோ.

யூலண்டின் தெற்கே அஸ்கோவ் என்றொரு சிற்றூர். அங்குள்ள மக்கள் உயர்பள்ளியில் விஞ்ஞானம் படிப்பித்த போல் லா கூர், 1891 இல் அரசாங்க உதவியோடு ஒரு காற்றாலை கட்டினார். காற்று எப்ப அடிக்கும், எப்ப நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் கிடைத்த மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தி, ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்துத் தாங்கிகளில் சேமித்தார். 1895 முதல் 1902 வரை பள்ளியின் விளக்குகள் எரிந்தது இந்த வாயுவில்தான். ஐதரசனுக்குள் கொஞ்சம் ஒட்சிசன் கலந்து வெடித்ததில் யன்னல் கண்ணாடிகள் பலமுறை நொறுங்கினவாம். மனுசன் அசரவில்லை, கண்ணாடியை மாற்றிப்போட்டு வேலையைப் பார்த்தார்.

தண்ணீரைப் பிரிப்பது அவர் கண்டுபிடித்ததல்ல. 1800 இலேயே இலண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் செய்து காட்டிவிட்டார்கள். சிக்கல் செலவில். மின்வாயில் நல்ல ஊக்கி இல்லாவிட்டால் மின்சாரம் வீணாகும். காரக் கரைசலில் நிக்கல் சமாளிக்கும். அமிலச் சூழலில் பிளாற்றினம்தான் வேண்டும். அது ஐதரசன் அணுவை அளவாய்ப் பிடித்து அளவாய் விடும். பிடி இறுகினால் வாயு வெளிவராது, தளர்ந்தால் அணுக்கள் ஒட்டவே மாட்டா. ஆனால் விலை? தாலிக்கொடிக்குப் பவுன் சேர்த்த சனத்துக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை.

லா கூருக்கு நூறு வருடம் கழித்து, 2005 இல், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நோர்ஸ்கோவ் குழுவினர் இயற்கையிடம் போனார்கள். பயற்றங்கொடி வேரில் வாழும் பற்றீரியாவின் நொதியம் நைதரசனைப் பிடிக்கும்போது ஐதரசனையும் வெளிவிடும். அதில் பிளாற்றினம் இல்லை; இரும்பு, மொலிப்டினம், கந்தகம்தான். அதைப் பார்த்துக் கணக்குப் போட்டதில், மொலிப்டினம் சல்பைட்டின் ஓரங்களும் ஐதரசனைக் கிட்டத்தட்டப் பிளாற்றினம் போலவே பிடிக்கும் என்று தெரிந்தது. அட, மெக்கானிக்மார் பூசுகிற கறுப்புக் கிறீசில் இருக்கிற சாமான்!

பெரிய கட்டியாகச் சோதித்த முன்னையவர்கள் அது உதவாது என்று விட்டிருந்தார்கள். ஏனென்றால் அதன் தட்டையான முகம் வேலை செய்யாது, ஓரம் மட்டுமே வேலை செய்யும். ஒரு தோசையைத் துண்டு துண்டாய்ப் பிய்த்தால் ஓரம் எவ்வளவு கூடும்? அப்படித்தான் நனோ அளவில் துகளாக்கினார்கள். 2007 இல் தங்கத்தின் மேல் அந்தத் துகள்களை வளர்த்து அளந்தபோது, வேலை பரப்புக்கேற்ப அல்ல, ஓர நீளத்துக்கேற்பவே கூடியது.

இன்னும் அது பிளாற்றினத்தை எட்டவில்லை. அதோடு அமிலக் கருவியில் ஒட்சிசன் வரும் பக்கத்துக்கு இரிடியம் வேண்டும், அது பிளாற்றினத்தைவிட அரிது. மலிவான ஊக்கி தேடுகிறவர்கள் இப்போது அந்தப் பக்கத்திலும் நிற்கிறார்கள்.