கப்பல் வந்தால் லொறி எந்த றோட்டால் போகும்? காங்கேசன்துறை வழிகளின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன கிழமை பத்தாம் தர வகுப்பில் காங்கேசன்துறைத் துறைமுகம் பற்றிப் பேச்சு வந்தது. இந்தியா காசு தருகிறதாம், துறைமுகத்தை ஆழமாக்கப் போகிறார்களாம், பெரிய கப்பல் வருமாம் என்று பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பின் வாங்கில் இருந்த ஒருவன் எழும்பிக் கேட்டான்: "கப்பல் வரட்டும் சேர். சாமான் ஏத்தின லொறி எந்த றோட்டால போகும்? எங்கட தின்னவேலிச் சந்தியாலயோ?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. துறைமுகம் பற்றிப் பேசும் பெரிய ஆட்கள் பலர் கேட்காத கேள்வி அது. வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காங்கேசன்துறையின் கதையை நாங்கள் எப்போதும் கடல் பக்கம் நின்றுதான் சொல்கிறோம். கரைப் பக்கம் நின்று சொன்னால் அது வேறு கதை.

1902ஆம் ஆண்டு காங்கேசன்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் முதல் ரயில் ஓடியது. கொழும்போடு பாதை இணைந்தது 1905இல்தான். அதாவது வடக்கின் ரயில் தெற்கிலிருந்து மெதுவாக ஏறி வந்து எங்களை அடையவில்லை. முதலில் துறைமுகத்தையும் பட்டினத்தையும் இணைத்துவிட்டு, பிறகுதான் வெளியே போனது. அந்தக் காலத்து அதிகாரிகளிடம் ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் கரையில் இறங்கிய பொருள் உள்ளே போக வழி வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1950இல் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அப்போது கைத்தொழில் அமைச்சர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். ஏன் காங்கேசன்துறை? வலிகாமத்து மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். ஒரு தொன் சீமெந்து செய்ய ஏறத்தாழ ஒன்றரைத் தொன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அது காலடியிலேயே கிடந்தது. ஆனால் சீமெந்துக்குக் களிமண்ணும் வேண்டும். அது மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. செய்த சீமெந்தும் ரயிலில் தெற்கே போனது. ஊருக்குத் தேவையானது லொறியில் போனது. தொழிற்சாலை, ரயில், துறைமுகம், றோட்டு நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபடியால்தான் அந்த இடம் நாட்டுக்கே சீமெந்து கொடுத்தது. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற மூன்றும் முடங்கியிருக்கும்.

என் உம்மாவின் வாப்பா அந்த லொறிகளில் ஒன்றை ஓடியவர். காங்கேசன்துறையில் சீமெந்து ஏற்றி யாழ்ப்பாணப் பட்டினத்து இரும்புக் கடைகளுக்குக் கொண்டுவருவார். நான் பிறந்தது புத்தளத்து முகாமில். இரவில் நித்திரை வராவிட்டால் அவர் எனக்குச் சந்திகளை வரிசையாகச் சொல்வார்: தெல்லிப்பளை, மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம், இணுவில், கொக்குவில். அந்த றோட்டைக் கண்ணால் காண முதலே எனக்கு அதன் சந்திகள் பாடம். எந்தச் சந்தியில் பள்ளிக்கூடம் விடும் நேரம் லொறியை மெதுவாக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வார்.

1990 எல்லாவற்றையும் அறுத்தது. அந்த வருடம் யூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். தொழிற்சாலை நின்றது. ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் நாங்கள் சில மணித்தியாலங்களுக்குள் வெளியேற்றப்பட்டோம். யாருடைய காயம் பெரிது என்று அளக்க இதைச் சொல்லவில்லை. ஒரே வருடத்தில் துறைமுகத்து ஊர் மக்களும், அங்கிருந்து சாமான் ஏற்றி இறக்கிய பட்டினத்து மக்களும் தங்கள் றோட்டை இழந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். துறைமுகம் அழிந்துபோகவில்லை, அங்கேயேதான் இருந்தது. ஆனால் 1990க்கும் 1995க்கும் இடையில் அது இராணுவத்தின் பக்கம், மக்கள் மறு பக்கம். கண்டி வீதியும் மூடியிருந்தது. சனம் கிளாலிக் கடலேரியைப் படகில் இரவிரவாகக் கடந்தது. பத்துப் பதினைந்து மைலுக்குள் ஒரு துறைமுகத்தை வைத்துக்கொண்டு மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்தோம் என்று உங்களில் பலர் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். துறைமுகம் இருந்தது, அதற்குப் போகும் வழி மக்களிடம் இருக்கவில்லை.

2002இல் கண்டி வீதி திறந்தது. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி திரும்ப மூடியது. அப்போது சாப்பாட்டுச் சாமான் கடல் வழியாகத்தான் காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் வந்தது. கப்பல் வருகிறதா, இறக்க விடுவார்களா, லொறிக்கு அனுமதி கிடைக்குமா என்பதில் ஊரின் அடுப்பு தொங்கியது. அந்த நாட்களின் விலைவாசியை மறந்தவர் யாரும் இருக்க முடியாது.

போர் முடிந்த பிறகு துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்கள் இந்திய உதவியுடன் அகற்றப்பட்டன. 2015 தை மாதம் ரயில் மறுபடி காங்கேசன்துறை வந்தது. 2018இல் துறைமுகத்துக்கு 45.27 மில்லியன் டொலர் இந்தியக் கடன் என்றார்கள். வேலை நகரவில்லை. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது, நின்றது, 2024 ஓகஸ்டில் திரும்ப ஓடியது. அதே 2024இல் 61.5 மில்லியன் டொலர் செலவை நன்கொடையாகவே ஏற்பதாக இந்தியா சொன்னதற்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

நல்லது. வரட்டும். ஆனால் கரைப் பக்கம் என்ன நடக்கிறது? 2025 ஏப்ரல் 10ஆம் திகதி, 35 வருடத்துக்குப் பிறகு, எங்கள் பலாலி வீதியின் வசாவிளான் பக்கம் திறந்தது. சந்தோசப்பட்டோம். ஆனால் காலை 6 முதல் மாலை 5 வரைதான், இறங்கி நடக்கக் கூடாது, பயணிகள் பஸ் தவிர்ந்த கனரக வாகனம் போகக் கூடாது என்று அன்று பலகை நாட்டினார்கள். துறைமுகத்தை நோக்கிப் போகும் பக்கத்தில் லொறிக்குத் தடை!

வகுப்பில் பிள்ளைகளோடு ஒரு கணக்குப் போட்டோம். சின்னக் கப்பல் ஒன்று 1,000 தொன் சாமானோடு வருகிறது என்று வையுங்கள். 10 தொன் ஏற்றும் லொறி என்றால் 100 லொறி. பத்து மணித்தியாலத்தில் இறக்கி அனுப்பினால் 6 நிமிடத்துக்கு ஒன்று. வெறுமையாகத் திரும்பிப் போகும் லொறியையும் சேர்த்தால் 3 நிமிடத்துக்கு ஒன்று. இந்த லொறிகள் கொக்குவிலில் திரும்பி ஆடியபாதம் வீதியால் திருநெல்வேலிச் சந்தைக்குள் வந்து, கல்வியங்காடு, செம்மணி என்று கண்டி வீதிக்கு ஏறினால் எப்படி இருக்கும்? காலையில் மரக்கறி இறக்கும் வண்டில்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், சைக்கிளில் வரும் என் மாணவர்கள் எல்லோரும் அதே சந்தியில்தான் நிற்கிறார்கள்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. சென்னையைப் பாருங்கள். துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு லொறிகளுக்காக மேம்பாலச் சாலை கட்ட 2009இல் அடிக்கல் வைத்தார்கள். கூவம் ஆற்றுக்குள் தூண் வருகிறது என்று 2012இல் வேலை நின்றது. பாதியில் விட்ட தூண்கள் வருடக்கணக்காக நின்றன. 2022இல்தான் இரண்டு அடுக்குச் சாலையாக, 20 கிலோமீற்றருக்கு மேல், ஏறத்தாழ 5,800 கோடி இந்திய ரூபாயில் திரும்ப அடிக்கல் வைத்தார்கள். கொழும்பிலும் அப்படித்தான். துறைமுகத்தைப் பெருப்பித்துக்கொண்டே போனார்கள். கடைசியில் களனிப் புதுப் பாலத்திலிருந்து துறைமுகப் பக்கத்துக்கு 5.3 கிலோமீற்றர் உயர்மட்ட வீதி ஒன்றை ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் போட வேண்டி வந்தது. முதலில் துறைமுகம், பிறகு நெரிசல், அதன் பிறகு றோட்டு என்று போனால் செலவு பல மடங்கு. நாங்கள் இன்னும் முதல் கட்டத்தில் நிற்கிறோம். யோசிக்க நேரம் இருக்கிறது.

என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். பிழை என்றால் திருத்துங்கள்.

முதலாவது, ரயில். 1902இல் புரிந்தது இப்போதும் புரிய வேண்டும். தண்டவாளம் காங்கேசன்துறை வரை இருக்கிறது. அதைத் துறைமுகத்து இறங்குதுறை வரை கொண்டுபோய், சாமான் ஏற்றி இறக்க ஒரு இடத்தைப் பட்டினத்துக்கு வெளியே வைத்தால் பாதிப் பாரம் றோட்டில் இறங்காது.

இரண்டாவது, லொறிக்குத் தனி வழி. தெல்லிப்பளையிலிருந்து அச்சுவேலி, அங்கிருந்து புத்தூர், பிறகு வண்ணாத்திப்பாலத்தால் மீசாலையில் கண்டி வீதிக்கு ஏறலாம். யாழ்ப்பாணப் பட்டினமும் வேண்டாம், திருநெல்வேலியும் வேண்டாம். அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டையும் அந்தப் பக்கம்தான். ஆனால் எங்கள் சந்தியின் தொல்லையைத் தூக்கிப் புத்தூர்ச் சந்தியில் போடுவது நியாயம் இல்லை. அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது. பாரம் தாங்கும் பாலம், திரும்பும் இடத்தில் லொறிக்குத் தனி ஒழுங்கை, நடைபாதை, பள்ளிக்கூட நேரத்தில் லொறிக்குத் தடை, கண்டி வீதியில் ஏறும் இடத்தில் ஒழுங்கான சந்தி எல்லாம் கப்பல் வர முதல் இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். றோட்டை அகலிக்க வளவு வேண்டும். அந்தப் பக்கத்து மக்கள் பலருக்கு இருபத்தைந்து, முப்பது வருடம் கழித்துத்தான் வளவு திரும்பக் கிடைத்தது. சிலருக்கு இன்னும் கிடைக்கவில்லை. திரும்பி வந்து கிணறு இறைத்து, மதில் கட்டி முடித்தவனிடம் போய் "அபிவிருத்தி வருகிறது, முன்பக்கத்தைத் தா" என்று கேட்பது லேசான காரியம் இல்லை. ஊரை விட்டுப் போகச் சொன்னபோது எங்களிடமும் யாரும் கேட்கவில்லை, அவர்களிடமும் கேட்கவில்லை. இந்த முறையாவது வரைபடம் போட முதல் கேட்கட்டும். நட்டஈடு எவ்வளவு, எப்போது என்று எழுத்தில் சொல்லட்டும்.

பிரதேச சபை உறுப்பினர்கள், வீதி அபிவிருத்தி அதிகார சபையில் வேலை செய்பவர்கள் யாராவது இதை வாசித்தால், துறைமுகத் திட்டத்தோடு ஒரு வீதித் திட்டம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். இருந்தால் அதைப் பொதுமக்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.

சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த ஐயாமார், அந்த றோட்டில் லொறி ஓடியவர்கள், அவர்களின் பிள்ளைகள் உங்கள் ஞாபகங்களைக் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டப் போகிறேன். அந்தப் பின் வாங்குப் பிள்ளைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.