தாராவி: கட்டடம் எழும்பும் முன் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டாமா?

தாராவியில் அடுக்குமாடிகளுக்கு அஸ்திவாரம் போடும்போது லாரி லாரியாக மண் வெளியே போகும். 'போவதற்கு முன்னாடி ஒரு தொல்லியலாளர் அதைப் பார்த்தாக வேண்டும்' என்று சட்டம் சொல்கிறதா? இல்லை. ஏன் இல்லை, பார்த்தால் என்ன கிடைக்கும், அதனால் வீடு தாமதமாகுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாராவி மண்ணுக்குள் அப்படி என்ன இருக்கும்?

இன்றைய தாராவியின் பெரும்பகுதி ஒரு காலத்தில் மித்தி ஆறும் மாஹிம் கழிமுகமும் சேரும் இடத்தில் இருந்த சதுப்பு நிலம். கரையில் கோலி மீனவர்களின் கிராமம் இருந்தது. ஆற்றங்கரையில் 1737-இல் ஆங்கிலேயர் கட்டிய ரிவா கோட்டை இன்னும் நிற்கிறது. 'காலா கில்லா' என்றால் பஸ் டிப்போ பக்கம் எல்லோருக்கும் தெரியும். பிறகு தோல் பதனிடும் தொழில் வந்தது. அதோடு திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்களும் வந்தார்கள். சௌராஷ்டிரக் குயவர்கள் வந்து கும்பர்வாடா உருவானது. இங்குள்ள படி மசூதி 1887-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

சதுப்பைத் தூர்த்துத்தான் மக்கள் வீடு கட்டினார்கள். ஆக, கீழே ஆற்று வண்டல். அதற்கு மேல் குப்பை, தோல் துண்டு, உடைந்த பானை, செங்கல் என்று ஊரின் வரலாறே அடுக்கடுக்காக இருக்க வாய்ப்புண்டு. எந்த அடுக்கு எப்போது விழுந்தது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் தொல்லியலின் வேலை.

ஆற்றுச் சேறு என்றால் என்ன விசேஷம்?

காய்ந்த மண்ணில் மரமும் தோலும் மட்கிப் போகும். நீர் ஊறிய சேற்றில் ஆக்சிஜன் குறைவு. அதனால் அவை நூற்றாண்டுகள் தாண்டியும் தப்பிக்கும். லண்டன் நல்ல உதாரணம். அங்கே வால்புரூக் என்ற பழைய ஓடையின் கரையில், புளூம்பெர்க் நிறுவனத்தின் கட்டடம் எழும்பும் முன் அகழாய்வு நடந்தது. 400-க்கும் மேற்பட்ட ரோமானிய மர எழுத்துப் பலகைகள் கிடைத்தன. அதில் ஒன்று கி.பி. 57 ஜனவரி 8-ஆம் தேதியிட்ட கடன் பத்திரம்! தோல் செருப்புகளும் கிடைத்தன.

லண்டனில் மட்டும் எப்படி முடிந்தது?

1989-இல் லண்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குத் தோண்டியபோது, ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் எச்சங்கள் வெளிப்பட்டன. பெரிய போராட்டம் வெடித்தது. 1990-இல் இங்கிலாந்து அரசு புதிய திட்டமிடல் வழிகாட்டுதலைக் கொண்டுவந்தது. சுருக்கமாகச் சொன்னால்: தொல்பொருள் இருக்கக்கூடிய இடத்தில் கட்டுகிறவர், அனுமதிக்கு முன்பே அதை ஆராய வேண்டும், செலவும் அவருடையதே.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

1958-ஆம் ஆண்டுச் சட்டம், மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும். அந்த வட்டத்துக்கு வெளியே, 'முதலில் தோண்டிப் பார், பிறகு கட்டு' என்ற பொதுவான கட்டாயம் இல்லை. மண்ணில் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டரிடம் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அதுவும் கிடைத்த பிறகுதான். தவிர, 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பொதுவாக 100 வயதானால்தான் ஒரு பொருள் 'தொல்பொருள்'. 1940-களில் ஒரு தமிழ்த் தொழிலாளி பயன்படுத்திய தோல் சீவும் கத்தி அந்தக் கணக்கில் வராது.

அப்படியானால் நமக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. கிருஷ்ணா ஆற்றில் நாகார்ஜுனசாகர் அணை வருவதற்காக, மூழ்கவிருந்த நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கில் 1954 முதல் 1960 வரை இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. முக்கியமான எச்சங்கள் மேட்டுக்கு மாற்றப்பட்டன. இன்று அந்த மேடு ஒரு தீவு. வைகைக் கரையில் கீழடி தென்னந்தோப்புகளுக்குள் கிடைத்தது நமக்குத் தெரியும். தோப்பாக இருந்ததால் பொறுமையாகத் தோண்ட முடிந்தது. அதே இடத்தில் அடுக்குமாடிகள் வந்திருந்தால்?

வீடு தாமதமாகாதா?

நியாயமான பயம். ஒரு மழைக்கே வீட்டுக்குள் தண்ணீர் வருபவரிடம் 'கொஞ்சம் பொறுங்க, பானை ஓடு தேடுறோம்' என்று சொல்ல முடியாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது மித்திக் கரை பட்ட பாட்டை மும்பை மறக்கவில்லை.

ஆனால் ஆய்வு என்றாலே வருஷக்கணக்கான அகழாய்வு அல்ல. முதல் படி பழைய வரைபடங்களைப் பார்ப்பது. அடுத்தது, கட்டடப் பொறியாளர்கள் எப்படியும் போடும் மண் பரிசோதனைத் துளைகளின் மாதிரியைத் தொல்லியலாளரும் பார்ப்பது. அதில் ஏதாவது தெரிந்தால் மட்டும் சின்னச் சின்ன சோதனைக் குழிகள். ஒன்றும் இல்லையா, வேலை தொடரலாம். ஒரே நிபந்தனை, இதைத் திட்டமிடும்போதே சேர்க்க வேண்டும். பொக்லைன் இறங்கிய பிறகு யோசித்தால்தான் தாமதம். தோல் பதனிடுதலில் குரோமியம் பயன்படுவதால், தோண்டுபவர்களுக்குப் பாதுகாப்பும் அவசியம்.

இதில் நமக்கென்ன?

மறுசீரமைப்பில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதைக் காட்டுபவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்பது விதி. அதற்குக் காகிதம் வேண்டும். மண்ணில் கிடைக்கும் ஓடு யாருக்கும் வீட்டுரிமை தராது. அதையும் இதையும் குழப்பக் கூடாது. ஆனால், 'ஆக்கிரமிப்பு' என்ற ஒரே வார்த்தையில் அடக்கப்படும் ஒரு ஊர், சேற்றை மேடாக்கி உழைப்பால் எழுந்தது என்பதற்கு அந்த மண்ணே சாட்சி. காகிதம் தொலைந்தால் நகல் வாங்க வழி உண்டு. ஒருமுறை அள்ளிப் போன மண்ணடுக்குக்கு நகல் கிடையாது.