தொழிற்சாலையிலிருந்து வந்த பாட்டு

காதில் பாட்டு ஓடினால்தான் பாடத்தில் மனம் நிற்கிறது என்று சொல்லும் மாணவர்கள் இன்று ஏராளம். ஏதோ யூடியூப் காலத்துப் பழக்கம் என்று பெற்றோர் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் இதன் வேர் போர்க்காலத் தொழிற்சாலையில் இருக்கிறது. பிரான்சின் டன்கர்க்கிலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 1940 ஜூன் 23 அன்று பிபிசி வானொலி ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. காலையில் அரை மணி, பிற்பகலில் அரை மணி, தொழிற்கூடங்களின் ஒலிபெருக்கிகளில் இசை ஒலித்தது. அதற்கு வகுத்த விதிகள்தான் சுவாரஸ்யம். தாளம் சீராக ஓட வேண்டும். சத்தம் ஏறி இறங்கக் கூடாது. கண்ணைச் செருக வைக்கும் மெட்டு ஆகாது. பாடகர் குரலும் பெரும்பாலும் வேண்டாம். ‘டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’ என்ற பாட்டுக்கு வேலை நேரத்தில் தடையே விழுந்தது. அதில் கைதட்டல் வரும் இடத்தில் தொழிலாளர்கள் கையில் இருக்கும் ஸ்பேனரால் இயந்திரத்தைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம்! கவனத்தை இழுக்கிற பாட்டு வேலைக்கு உதவாது என்பது அன்றே தெரிந்திருந்தது.

அந்த இசை சலிப்புக்கான மருந்து. 1937இல் வயட், லாங்டன் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்யும் தொழிலாளர்களைக் கவனித்து, இசை ஒலித்தபோது உற்பத்தி கூடியதைப் பதிவு செய்தார்கள். கை தானாக ஓடும், மனம் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் மனத்துக்குத்தான் பாட்டு. அமெரிக்காவின் மியூசாக் நிறுவனம் கால் மணி இசை, கால் மணி மௌனம் என்று அளந்து விற்றதும் இதே கணக்கில்தான். படிப்பவருக்கு மனம் எங்கே சும்மா இருக்கிறது?

நம் ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் வேலையோடு வந்தவைதானே என்று கேட்கலாம். அங்கே பாடியவர் வேலை செய்தவரே. இறைத்த நீர்ச்சால்களை எண்ணிக்கொள்ளவும் ஏற்றப்பாட்டு பயன்பட்டது. பாட்டு வேலையின் ஓர் உறுப்பு. பின்னணி என்ற பேச்சே இல்லை. மோட்சார்ட் கேட்டால் புத்தி கூடும் என்பது நிரூபணமான செய்தியாயிற்றே என்பது அடுத்த வாதம். 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் இசை கேட்டார்கள். அது முடிந்த பிறகு, மௌனத்தில், வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் சோதனையை எழுதினார்கள். கிடைத்த பலனும் கால் மணி நேரத்தைத் தாண்டவில்லை. படித்துக்கொண்டே கேட்பதைப் பற்றி அந்த ஆய்வு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த ஆய்வை நம்பித்தான் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார்.

பாட்டு போட்டால் உட்கார மனம் வருகிறது, பக்கத்து வீட்டு டிவி சத்தம் மறைகிறது என்கிற மாணவரின் அனுபவத்தை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. ஆனால் உட்கார வைப்பது வேறு, மண்டையில் ஏற்றுவது வேறு. 1989இல் சலாமே, பேட்லி இருவரும் செய்த சோதனைகளில், உடனடி நினைவை வெறும் வாத்திய இசையைவிடக் குரலோடு கூடிய இசை அதிகமாகக் குலைத்தது. இன்று உலகெங்கும் மாணவர்கள் போட்டுவைக்கும் லோ-ஃபை இசையைக் கேட்டுப் பாருங்கள்: குரல் அநேகமாக இல்லை, ஒரே தாளம், திடுக்கிட வைக்கும் திருப்பம் இல்லை. பிபிசி விதிகள் அப்படியே இருக்கின்றன. கூடுதல் மந்தம் மட்டுமே புதிது. நோட்டைப் படியெடுக்கும்போதும் படம் வரையும்போதும் அது ஓடட்டும். புதுப் பாடத்தை முதன்முறை படிக்கும்போதும் மனப்பாடம் செய்யும்போதும், குறிப்பாகச் சினிமாப் பாட்டு என்றால், நிறுத்திவிடுங்கள்.