கம்பியில் ஏறிய கடிதங்கள்: ‘கோப்பு’ வந்த வழி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். மேசைக்குப் பக்கத்துச் சுவரில் வளைந்த கம்பி ஒன்று தொங்கும். டெலிவரி சலான், பில், ரசீது எல்லாம் அதில் குத்தப்பட்டு அடுக்காக நிற்கும். எங்கள் வீட்டு உத்தரத்திலும் அப்படி ஒரு கம்பி இருந்தது. இன்லேண்ட் லெட்டரும் அஞ்சலட்டையும் வந்த வரிசையிலேயே அதில் ஏறின. ‘கோப்பு’ என்ற சொல்லை எனக்குப் புரியவைத்தது அகராதியன்று, அந்தக் கம்பிதான்.

‘ஃபைல்’ என்பதற்காக அலுவலகத் தமிழில் ஒட்டவைத்த சொல் கோப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ‘கா’ என்ற வினை காப்பு ஆனது. ‘யா’ யாப்பு ஆனது. ‘மூ’ மூப்பு ஆனது. அதே இலக்கணத்தில் ‘கோ’ என்ற வினை கோப்பு ஆயிற்று. கோத்தல் என்பது துளை வழியே நூலை நுழைத்துச் சேர்ப்பது; பேச்சில் ‘கோர்ப்பது’. பூந்தமல்லி பேருந்து நிலையத்தருகே பூ விற்கும் அம்மாக்களின் பேச்சில் இந்த நுட்பம் இன்றும் இருக்கிறது. மல்லிகையை நாரில் ‘கட்டுவார்கள்’. அரளியை ஊசியால் குத்தி நூலில் ஏற்றினால் அது ‘கோர்ப்பது’. மணியோ மலரோ காகிதமோ, துளைத்து ஏற்றினால்தான் கோப்பு. கட்டுக்கோப்பு என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் தேயாமல் நிற்கிறது. கோவையும் இதன் உடன்பிறப்பே: மாணிக்கவாசகரின் திருக்கோவையாரிலும், இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவையிலும் இருப்பது இந்த நூலேற்றம்தான்.

வியப்பு என்னவென்றால், ஆங்கில ‘ஃபைல்’ வந்த வழியும் இதுவே. அதன் வேர் ‘ஃபீலும்’ என்ற லத்தீன் சொல்; அதன் பொருள் நூல். அங்கேயும் ஒருகாலத்தில் ஆவணங்களை நூலிலும் கம்பியிலும் கோத்து வைத்தார்கள். நமக்கோ நூல் என்றால் புத்தகமும்தான். இரண்டு மொழிகளும் ஒரே காட்சியைக் கண்டு பெயர் வைத்திருக்கின்றன.

கணினிக்குள் இந்தச் சொல் நுழைந்தபோது துளையும் நூலும் போய்விட்டன என்று தோன்றும். ஆனால் மின்னஞ்சலில் அவை மிஞ்சின. 1970-களின் யூனிக்ஸ் கணினிகளில் ஒருவருக்கு வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில், ஒன்றின் வாலில் இன்னொன்றாக எழுதப்பட்டன. அந்த முறைக்கு ‘எம்பாக்ஸ்’ என்று பெயர். ஒவ்வொரு கடிதமும் ‘ஃபிரம்’ என்ற சொல்லும் ஓர் இடைவெளியும் கொண்ட வரியில் தொடங்கும். மணிகளுக்கு நடுவே போடும் முடிச்சு அதுதான். கடிதத்துக்குள்ளேயே ஒரு வரி அப்படித் தொடங்கிவிட்டால் அது புதுக் கடிதமாகிவிடும். ஆகவே பல மென்பொருள்கள் அந்த வரிக்கு முன் கணிதத்தின் ‘பெரிது’ குறியை இட்டுவிடுகின்றன.

பட்டறைக் கம்பியின் சிரமமும் கூடவே வந்தது. நடுவிலிருக்கும் பில்லை எடுக்க மேலுள்ளவற்றை எல்லாம் கழற்ற வேண்டுமே, அதுபோல எம்பாக்ஸில் இடையிலுள்ள கடிதத்தை நீக்கக் கோப்பைத் திருப்பி எழுத வேண்டும். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்பே சிதையும். அதனால் ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கப் பூட்டு தேவைப்பட்டது.

1990-களில் டேனியல் பெர்ன்ஸ்டைன், தம் ‘கியூமெயில்’ மென்பொருளுக்காக ‘மெயில்டிர்’ முறையை வகுத்தார். இதில் ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. எழுதப்பட்டுக்கொண்டிருப்பவை, புதிதாக வந்தவை, எடுத்துப் பார்த்தவை என மூன்று அடைவுகள். பூட்டு வேண்டாம், ஒன்றை அழித்தால் மற்றவை அசையா. வேலைக்கு இதுவே மேல். ஆனால் சொல்லின் கணக்கில் பார்த்தால் நூல் அறுந்து மணிகள் பெட்டிக்குள் விழுந்துவிட்டன. ஒற்றை மணிக்கும் கோப்பு என்றே பெயர் நிலைத்தது.

எம்பாக்ஸ் இன்னும் போய்விடவில்லை. தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருள் இயல்பாகவே கடிதங்களை அப்படித்தான் சேமிக்கிறது. ஜிமெயில் கடிதங்களை கூகுள் டேக்அவுட் வழியே இறக்கினாலும் எம்பாக்ஸாகவே கைக்கு வரும். ஒருமுறை இறக்கி, சாதாரண உரைத்திருத்தியில் திறந்து பாருங்கள். உங்களுக்கு வந்தவை எல்லாம் முடிச்சு முடிச்சாக ஒரே நீளத்தில் கிடக்கும். அதற்குப் பெயர் வைக்கும்போது ‘கோப்பு’ என்றே எழுதுங்கள்.