பழனி தனித்தொகுதி: எட்டுத் தேர்தல்கள் சொல்வது என்ன?

தேர்தல் முடிவு வந்ததும் எந்தக் கட்சி எங்கே வளர்ந்தது, எங்கே தேய்ந்தது என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டுகிறார்கள். திண்டுக்கல் மாவட்டம் அந்த வரைபடங்களில் எப்போதும் முக்கிய இடம் பிடிக்கும். 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் எம்.ஜி.ஆரின் புதுக் கட்சி இரட்டை இலையில் நின்று வென்றது. ஆளுங்கட்சியான திமுக மூன்றாம் இடத்துக்குப் போனது. அன்று அதிமுகவின் முதல் எம்.பி. ஆன மாயத்தேவரே 1980-இல் அதே தொகுதியில் திமுக வேட்பாளராக நின்று வென்றார். இந்தக் கதைகள் திரும்பத் திரும்ப எழுதப்பட்டுவிட்டன. இதே மாவட்டத்தில் இருந்த பழனி தனித்தொகுதியின் கதையை யாரும் அதிகம் எழுதவில்லை.

1976-ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறைக்குப் பிறகு பழனி சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 1977 முதல் 2006 வரை அங்கே எட்டுப் பொதுத்தேர்தல்கள் நடந்தன. 1977, 1980 இரண்டிலும் மார்க்சிஸ்ட் கட்சியின் என். பழனிவேல் வென்றார். 1984-இல் காங்கிரசின் ஏ.எஸ். பொன்னம்மாள். 1989-இல் மறுபடி பழனிவேல். 1991-இல் அதிமுகவின் சுப்புரத்தினம், 1996-இல் திமுகவின் பூவேந்தன், 2001-இல் அதிமுகவின் சின்னசாமி, 2006-இல் திமுகவின் அன்பழகன்.

முப்பது ஆண்டுகளில் நான்கு கட்சிகள், ஆறு பேர். மேலோட்டமாகப் பார்த்தால் மார்க்சிஸ்ட் கட்சி தேய்ந்து, காங்கிரஸ் மறைந்து, இரு கழகங்களும் மாறி மாறி வளர்ந்த கதை என்று தோன்றும். கூட்டணிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1977-இலும் 1980-இலும் மார்க்சிஸ்ட் கட்சி அதிமுக அணியில் இருந்தது. 1984-இல் அந்த இடத்தில் காங்கிரஸ். 1989-இல் மார்க்சிஸ்ட் கட்சி திமுக அணியில். எட்டுத் தேர்தல்களிலும் கோட்டையைப் பிடித்த அணி எதுவோ, அந்த அணியின் வேட்பாளரே பழனியிலும் வென்றிருக்கிறார். ஒருமுறைகூட விலக்கு இல்லை.

இதை "பழனியாண்டவர் ஊர் எப்போதும் ஆளுங்கட்சிப் பக்கம்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. என் வாசிப்பு வேறு. 1984 முதல் 2006 வரையான ஆறு தேர்தல்களிலும் பதவியில் இருந்தவர் மறுபடி வென்று வரவே இல்லை. ஒவ்வொரு முறையும் முகம் மாறியது. ஒரு தலித் சட்டமன்ற உறுப்பினர் தொகுதியில் வேர் பிடிப்பதற்கு முன்பே அடுத்தவர் வந்துவிடுகிறார். காற்று மாறும்போது ஆள் மாறுவது பொதுத் தொகுதியிலும் நடப்பதுதானே என்று கேட்கலாம். பக்கத்து ஆத்தூரைப் பாருங்கள். 1991-இலும் 2001-இலும் அந்தத் தொகுதி அதிமுகவுக்குப் போனது. ஆனாலும் 1996-இலும் 2006-இலும் திமுக மறுபடி ஐ. பெரியசாமியைத்தான் நிறுத்தியது. அவர் அங்கே ஆறு முறை வென்றிருக்கிறார். பொதுத் தொகுதித் தலைவருக்குக் கட்சி காத்திருக்கிறது. தனித்தொகுதி உறுப்பினருக்கு அந்தப் பொறுமை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

காரணம் தனித்தொகுதியின் அமைப்பிலேயே இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் கேட்டது தனி வாக்காளர் தொகுதி. 1932-இல் காந்தியின் உண்ணாவிரதத்தின் முன் பூனா ஒப்பந்தத்தில் கிடைத்தது கூட்டு வாக்காளர் தொகுதி. அதில் வேட்பாளர் மட்டுமே தலித். வாக்காளர்களில் பெரும்பான்மை சாதி இந்துக்கள். எல்லாக் கட்சி வேட்பாளரும் தலித்தாகவே இருக்கும்போது, சேரியின் வாக்குகள் பிரிந்துவிடுகின்றன. முடிவை ஊர் எடுக்கிறது. அப்படி வென்றவர் சேரிக்குக் கடன்பட்டவரா, சீட்டுக் கொடுத்த மாவட்டச் செயலாளருக்குக் கடன்பட்டவரா?

இந்த அமைப்பு ஒருமுறை வேறு வடிவில் இருந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். 1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரு பொது இடம், ஒரு ஒதுக்கீட்டு இடம். 1957-இல் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள். தோற்ற வி.வி. கிரி, பழங்குடி வேட்பாளர் பொது இடத்தில் எப்படி உட்காரலாம் என்று வழக்காடினார். 1959-இல் உச்சநீதிமன்றம் அவர் வழக்கை ஏற்கவில்லை. 1961-இல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதி முறையே ஒழிக்கப்பட்டது. ஒடுக்கப்பட்டவர் தனக்கு ஒதுக்கிய நாற்காலியைத் தாண்டி உட்காரும் வழி அத்துடன் அடைபட்டது.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. பழனியில் 1984-இல் வென்ற பொன்னம்மாள் பக்கத்து நிலக்கோட்டை தனித்தொகுதியில் 1980-இல் சுயேச்சையாக வென்றவர். 1989-இல் காங்கிரஸ் தனித்து நின்று மாநிலமெங்கும் தோற்ற தேர்தலிலும் நிலக்கோட்டையில் அவர் வென்றார். 1957 முதல் 1996 வரை ஏழு முறை சட்டமன்றம் போன தலித் பெண். கட்சியின் பலத்தைவிட ஆளின் பலம் பெரிதாக இருந்தால் தனித்தொகுதியும் காற்றை எதிர்த்து நிற்கும் என்பதற்கு அவர் சான்று. அப்படி இன்னொருவர் உருவாகப் பழனிக்கு நேரம் தரப்படவில்லை.

2008 மறுவரையறையில் பழனி பொதுத் தொகுதியானது. கொடைக்கானல் வட்டமும் பழனி வட்டத்தின் ஒரு பகுதியும் சேர்ந்ததே இன்றைய பழனி. மாநில அளவில் தனித்தொகுதிகள் 42-லிருந்து 44 ஆக உயர்ந்தன. ஆனால் திண்டுக்கல் மாவட்டத்தில் இரண்டாக இருந்தது நிலக்கோட்டை என்ற ஒன்றாகச் சுருங்கியது. பழனியில் 2011-இல் அதிமுகவின் வேணுகோபாலு வென்றார். 2016-இல் ஐ. பெரியசாமியின் மகன் செந்தில்குமார் திமுக சார்பில் வென்றார். மாநிலத்தில் அதிமுக ஆட்சியைத் தக்கவைத்த தேர்தல் அது. 1977-க்குப் பிறகு பழனி எதிர்க்கட்சி உறுப்பினரை அனுப்பியது அதுவே முதல்முறை. 2021-இல் அவரே மறுபடி வென்றார். 1980-க்குப் பிறகு பழனியில் தொடர்ந்து இருமுறை வென்றவர் அவர்தான். தொகுதி பொதுவானதும் வேர் பிடிக்க நேரம் கிடைத்துவிட்டது.

எண்ணிக்கையின் அரசியலும் இங்கே இருக்கிறது. தனித்தொகுதிகளைப் பட்டியல் சாதியினர் விகிதம் அதிகமாக உள்ள இடங்களில் அமைக்க வேண்டும் என்கிறது 2002 மறுவரையறைச் சட்டம். அந்த விகிதத்தில் தலித் கிறித்தவர்கள் வரமாட்டார்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணை முதலில் இந்துக்களை மட்டும் ஏற்றது. 1956-இல் சீக்கியர், 1990-இல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் இன்னும் வெளியே. 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் குடியேறி உருவாக்கிய கொடைக்கானலில், ஜெபக்கூடமும் சேரியும் அருகருகே இருக்கும் மலையில், இது சிறிய விஷயம் அல்ல. சேரியில் வாழ்ந்தாலும், தீண்டாமையை அனுபவித்தாலும், கணக்கெடுப்பில் அவர்கள் பட்டியல் சாதி இல்லை. தனித்தொகுதியில் நிற்கவும் முடியாது. மலையின் தொல்குடியான பளியர்களுக்கோ மாவட்டத்தில் ஒரு பழங்குடித் தொகுதிகூட இல்லை. மாநிலத்திலேயே ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டுதான்.

2026-க்குப் பிந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்ததும் அடுத்த மறுவரையறை வரும். தமிழ்நாட்டின் எம்.பி. எண்ணிக்கை குறையுமா என்பதைப் பற்றியே எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. அந்தக் கவலை நியாயமானது. அதற்குள்ளேயே எந்தத் தொகுதி தனி, எந்தத் தொகுதி பொது என்பதும் தீர்மானிக்கப்படும். அதைப் பற்றி எந்தக் கட்சி பேசுகிறது? கடந்த முறை ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, பொது அமர்வுகள் நடத்திய பிறகே எல்லைகளை இறுதி செய்தது. அடுத்த முறை வரைவு வரும் நாளில் கிராம வாரியான கணக்கோடு நாம் போய் நிற்க வேண்டும். தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் பூம்பாறையிலும் ஆயக்குடியிலும் எத்தனை தலித் குடும்பங்கள், அதில் எத்தனை கிறித்தவர் என்று பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், எத்தனை பளியர் குடும்பங்கள் என்ற கணக்கை இப்போதே எடுக்கத் தொடங்கலாம்.